முதுசமாக வந்த மணிக்கூடு

பொழுதை அளப்பதற்கு மனிதன் கைக்கொண்ட கருவிகளின் வரலாறு, அவன் இயற்கையிடம் பாடங்கேட்ட வரலாறேயாகும். முதலில் நிழலை நோக்கிப் பொழுதறிந்தான். பின்னர் நீரை அளந்து நாழிகை கணித்தான். பாசறையிலே இருக்கும் வேந்தனுக்கு நாழிகைக் கணக்கர் நீர்வட்டிலை நோக்கிப் பொழுதுரைக்கும் காட்சியை முல்லைப்பாட்டைக் கற்ற மாணவர் அனைவரும் அறிவர். அதன்பின் மேலைநாட்டார் ஊசலையும் உருக்குவில்லையும் துணைக்கொண்டு காலத்தைச் சிறு சிறு கூறுகளாக நறுக்கக் கற்றனர். இருபதாம் நூற்றாண்டிலோ மணலுக்கு உறவான ஒரு கல் அப்பணியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது. அக்கல்லின் துடிப்பினால் ஓடுவதே குவாட்ஸ் கைக்கடிகாரம். யாழ்ப்பாணத்தார் வாய்மொழியிற் கூறுவதானால், கைமணிக்கூடு.

இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றிலே மேசை லாச்சியைத் திறந்து பார்த்தால், பழைய பேனைகளுக்கும் பாவனையொழிந்த மூக்குக்கண்ணாடிக்கும் நடுவே, நின்றுபோன ஒரு கைக்கடிகாரம் கிடக்கும். தந்தையாருடையதாகவோ பாட்டனாருடையதாகவோ இருக்கும். அதனை எறிவதற்கு எவருக்கும் மனம் வருவதில்லை; அணிவதற்கும் அது உதவுவதில்லை. நகையென்றால் அதற்கு நிறையுண்டு, விலையுண்டு. காணியென்றால் உறுதியுண்டு. நின்றுபோன மணிக்கூட்டுக்கு இவை ஒன்றுமில்லை. எனினும் அஃது எறியப்படாமற் கிடக்கின்றது.

ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டிலே எழுத்துருப்பெற்ற தேசவழமை, ஒருவருடைய உடைமையை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்துப் பேசும். பெற்றோர் வழியாக வருவது முதுசம். இல்வாழ்வின்போது உழைத்து ஈட்டுவது தேடியதேட்டம். காணியையும் வீட்டையும் மனத்திற்கொண்டு எழுந்த இப்பாகுபாட்டினுள் ஒரு கைக்கடிகாரத்தைப் புகுத்துவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயினும் முதுசமாக வந்த ஒரு பொருளை எங்ஙனம் நமதாக்கிக்கொள்வது என்னும் வினா, காணிக்கு மட்டும் உரியதன்று. கடிகாரத் தொழிலை முன்பின் அறியாத ஒருவர், தந்தையின் நின்றுபோன குவாட்ஸ் கடிகாரத்தைத் தம் கையாலே திருத்த முற்படும்போது, அவ்வினா மிகத் தெளிவாக எழுகின்றது.

கல்லின் துடிப்பு

கடிகாரத்தைத் திறப்பதற்குமுன் அதன் உள்ளே நிகழ்வது யாதென அறிதல் நன்று. குவாட்ஸ் என்பது மண்ணுலகில் மலிந்து கிடக்கும் சிலிக்காவின் படிக வடிவம். வடமராட்சியிலே அம்பன், வல்லிபுரம் ஆகிய இடங்களிற் காணும் வெண்மணலும் சிலிக்கா மணலே. கடிகாரத்துக்கு வேண்டிய படிகமோ மாசற்றதாயிருத்தல் வேண்டுமாதலின், அதனை உயர்ந்த அமுக்கத்திலும் வெப்பத்திலும் செயற்கையாக வளர்த்தெடுக்கின்றனர்.

இக்கல்லிடத்தே ஒரு விந்தைக் குணம் உண்டு. அதனை அழுத்தினால் அதன் முகங்களிலே மின்னேற்றம் தோன்றும். மின்னழுத்தத்தைச் செலுத்தினால் அது நுண்ணளவு வளைந்து கொடுக்கும். அழுத்தத்தால் மின் பிறக்கும் இவ்வியல்பை 1880 ஆம் ஆண்டிலே சாக் கியூரி, பியர் கியூரி என்னும் பிரெஞ்சுச் சகோதரர் இருவர் கண்டறிந்தனர். 1927 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வாரன் மரிசன் என்பார் இத்துடிப்பைக் கொண்டு முதலாவது குவாட்ஸ் மணிக்கூட்டை ஆக்கினார். அக்காலத்துக் குவாட்ஸ் மணிக்கூடுகள் மணிக்கட்டில் ஏறக்கூடியவை அல்ல, பெட்டகம்போற் பெரியவை. அவற்றைக் கையளவுக்குக் குறுக்குவதற்கு மேலும் நாற்பதாண்டுகளுக்குமேற் சென்றன. 1969 டிசெம்பர் 25 ஆந் திகதி தோக்கியோ நகரிலே சீக்கோ நிறுவனம் அஸ்ட்ரோன் என்னும் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதன் விலை 450,000 யென். அந்நாளில் ஒரு சிறிய மோட்டர் காரை வாங்கப் போதுமான பணம்.

இப்பொழுது வழக்கிலுள்ள கடிகாரத்திலே படிகம் இசைக்கவைபோன்ற உருவிலே வெட்டப்பட்டு, அரிசிமணியினும் சற்றே நீண்ட உலோகக் குழலுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். அது செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். இவ்வெண்ணை ஏன் தெரிந்தார்கள் என்பது மாணவர் கணக்கிட்டுப் பார்க்கத்தக்கது. இரண்டைப் பதினைந்து முறை தன்னாலே பெருக்கினால் வருவது 32,768. ஆகவே இதனைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று எஞ்சும். கடிகாரத்தின் நுண்சுற்று இப்பாதியாக்கும் வேலையைச் செய்து, செக்கனுக்கு ஒரு மின்துடிப்பை வெளிவிடுகின்றது. அத்துடிப்பு மயிரினும் மெல்லிய செப்புக்கம்பியாலான ஒரு சுருளினூடே பாய்ந்து அதனைக் கணப்பொழுது காந்தமாக்கும். அருகிலிருக்கும் சின்னஞ்சிறு காந்தச்சில்லு அரைச் சுற்றுச் சுற்றும். அவ்வசைவைப் பற்சில்லுகள் வாங்கிக் குறைத்துக் கொடுக்க, செக்கன் முள் ஆறு பாகை தாண்டி அடுத்த கோட்டிலே நிற்கும். இவ்வகை மோட்டரின் அமைப்பைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் மாரியஸ் லவே 1936 ஆம் ஆண்டிலே வகுத்தார். பார்ப்பவர்க்கு முள் ஒன்று துள்ளுவது மாத்திரமே தெரிகின்றது. அந்த ஒரு துள்ளலின் பின்னே முப்பத்தீராயிரத்துக்கு மேற்பட்ட அதிர்வுகள் எண்ணப்பட்டு முடிந்திருக்கின்றன.

மலிவும் மதிப்பும்

நிற்க. இத்துணை நுட்பம் வாய்ந்த கருவிக்கு முதுசப் பொருள் என்னும் மதிப்பு ஏன் கிட்டவில்லை? காரணம் அதன் மலிவே. வில்லிலே ஓடும் நல்ல கடிகாரம் நாளொன்றுக்குச் சில செக்கன் பிழைக்கும். சாதாரண குவாட்ஸ் கடிகாரமோ மாதமொன்றுக்குப் பதினைந்து, இருபது செக்கனே பிழைக்கும். அரசர்க்கும் செல்வர்க்கும் அரிதாயிருந்த துல்லியம், பாடசாலை மாணவனுக்கும் எளிதிற் கிடைத்தது. சுவிற்சர்லாந்திலே 1970 ஆம் ஆண்டளவிற் கடிகாரத் தொழிலில் ஈடுபட்டிருந்தோர் ஏறத்தாழ 90,000 பேர். 1980 களின் நடுப்பகுதியிலோ 30,000 பேருக்குச் சற்று மேற்பட்டோரே எஞ்சினர். அந்நாடு தன் தொழிலைக் காத்துக்கொள்ள 1983 ஆம் ஆண்டிலே வெளியிட்ட சுவொச் என்னும் கடிகாரம் 51 பாகங்களே கொண்டது. பிளாஸ்ரிக் உறையோடு இயந்திரமும் ஒன்றாக அமைந்த அதனைத் திறந்து திருத்த இயலாது. பற்றரியை மாற்றலாம், மற்றையவை பழுதானால் எறிந்துவிட வேண்டியதே.

இதிலிருந்து மக்கள் மனத்தில் ஓர் எண்ணம் வேரூன்றிற்று. வில்கடிகாரம் திருத்தத்தக்கது, குவாட்ஸ் கடிகாரம் எறியத்தக்கது என்பதே அது. அக்காலத்து யப்பானியக் குவாட்ஸ் கடிகாரங்கள் பலவற்றைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. அவற்றின் உள்ளே உலோகத் தட்டுகளும், திருகாணிகளும், கழற்றி மாட்டக்கூடிய சுருளும், ஒவ்வோர் இயந்திர வகைக்கும் உரிய இலக்கமும் உண்டு. ஆக்கியோர் அவற்றைத் திருத்தும்படியாகவே ஆக்கினர். எறியும்படி கற்பித்தது சந்தை.

திறக்குமுன்

புதிதாகக் கைவைப்பவர் முதலிற் செய்யவேண்டியது ஒன்றும் செய்யாமல் உற்றுநோக்குவதே. சாவிக்குமிழ் வெளியே இழுபட்ட நிலையிற் கிடந்தால் முள் நிற்கும். அதனை உள்ளே அழுத்தினாற் போதும். செக்கன் முள் இரண்டிரண்டு செக்கனாகத் தாண்டினால், யப்பானியக் கடிகாரம் பலவற்றிலே அது நோயின் குறியன்று, பற்றரி முடியப்போகின்றது என்னும் முன்னறிவிப்பேயாகும்.

அடுத்தது பின்மூடி. அது மூவகைப்படும். அழுத்தி மூடியதாயின் விளிம்பிலே ஓரிடத்திற் சிறு பிளவோ நாக்கோ தென்படும். அங்கே மழுங்கிய தட்டையான கத்தியை வைத்து மெல்லத் திருப்பினால் மூடி எழும்பும். மரைபோலத் திருகி மூடியதாயின் விளிம்பைச் சுற்றிப் பள்ளங்கள் இருக்கும். அவற்றிற்கேற்ற திறப்பான் வேண்டும். மூன்றாவது வகை, மூலைகளிலே நான்கு சிறு திருகாணிகளால் இறுக்கப்பட்டது. எதுவாயினும் வலிமையைக் காட்டுவதற்குரிய இடம் இதுவன்று.

வேண்டிய கருவிகளும் சிலவே. நுண்ணிய திருப்புளி இரண்டு, பிளாஸ்ரிக்காலான சாமணம் ஒன்று, கண்ணிற் பொருத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடி, விளிம்புள்ள தட்டம், அதில் விரிக்க வெள்ளைத் தாள். உலோகச் சாமணத்தாற் பற்றரியின் இரு முனைகளையும் ஒருங்கே பிடித்தால் மின் குறுக்கே பாய்ந்து அது வலுவிழக்கும். வெள்ளைத் தாளும் விளிம்பும் எதற்கென்று, முதற் திருகாணி துள்ளி விழும்போது விளங்கும். வீட்டிலே சிறு குழந்தைகள் இருப்பின் இன்னுமொரு கவனம் வேண்டும். இப்பொத்தான் பற்றரியை விழுங்கினால் அது உட்குழாயை எரித்துப் புண்ணாக்கிவிடும். பழையதோ புதியதோ, அவர்கள் கைக்கெட்டாதபடி வைத்தல் வேண்டும். விழுங்கியதாக ஐயமேற்படினும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மூடியின் உட்புறம்

பின்மூடியைத் திறந்தவுடன் எல்லோரும் இயந்திரத்தையே நோக்குவர். அதற்குமுன் மூடியின் உட்புறத்தை ஒளியிற் பிடித்துப் பார்க்கவேண்டும். கடிகாரத் திருத்துநர் தாம் பற்றரி மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் அங்கே ஊசிமுனையாற் கீறிவைப்பது நெடுங்கால வழக்கம். அடுத்த முறை அதே கடிகாரம் தம் கைக்கு வரும்போது பற்றரி எத்துணைக் காலம் உழைத்தது என்று அறிவதற்கான தொழிற்குறிப்பு அது. அணிந்திருப்பவர் வாழ்நாளெல்லாம் அதனைக் காண்பதில்லை.

என் தந்தையார் ஆசிரியராயிருந்தவர். 1985 ஆம் ஆண்டிலே கொழும்பில் வாங்கிய யப்பானியக் குவாட்ஸ் கடிகாரம் ஒன்றையே இறுதிவரை அணிந்திருந்தார். அவருக்குப்பின் சில ஆண்டுகளாக லாச்சியிற் கிடந்த அதனை நான் திறந்தபோது, மூடியின் உட்புறத்திலே வெவ்வேறு கைகள் கீறிய எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. 3-87 என்பது முதலாவது, அதன்கீழ் 4-89. மூன்றாவது 8-96. அதன்பின் 10-98, 1-01 என ஒழுங்காகச் செல்கின்றன.

இரண்டாண்டுக்கு ஒருமுறை கீறப்படும் எண்களுக்கிடையே ஏழாண்டு இடைவெளி. அவ்விடைவெளியின் காரணத்தை வடபுலத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. ஏனையோர்க்காகச் சுருங்கக் கூறலாம். 1990 ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குச் செல்லும் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன. பற்றரியும் அவற்றுள் ஒன்று. ஈருருளியைக் கவிழ்த்துவைத்து மிதியைச் சுழற்றி, தைனமோவிற் பிறக்கும் மின்னைக்கொண்டு வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அன்று எங்கள் வீட்டிலிருந்த புத்தக அலுமாரி அங்கேயே நின்றுவிட்டது. கையிற் கட்டியிருந்த கடிகாரம் கையோடு வந்தது. அப்போது அது ஓடவில்லை. ஓடாத மணிக்கூட்டை எதற்குக் கட்டியிருக்கிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, “நிண்டாலும் அது அதின்ரை இடத்திலை இருக்கட்டும்” என்றாராம். திரும்பி வந்து சில மாதங்களில் மூன்றாவது எண் கீறப்பட்டது.

என் தந்தையார் நாட்குறிப்பு எழுதும் வழக்கமில்லாதவர். அவ்வேழு ஆண்டுகளைப் பற்றி அவர் எழுதிவைத்த ஒரு வரியும் எம்மிடம் இல்லை. பெயர் தெரியாத திருத்துநர் இருவர் தம் தொழிலின் பொருட்டுக் கீறிவைத்த இரண்டு எண்களும், அவற்றுக்கிடையே உள்ள வெறுமையுமே எமக்குக் கிடைத்த சான்று. பழைய கடிகாரத்தைக் கடையிற் கொடுத்துப் புதியதாக வாங்கிக்கொள்ள நினைப்பவர்கள், கொடுப்பதற்குமுன் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தல் நலம்.

நோய் நாடல்

இனி இயந்திரத்துக்கு வருவோம். நின்றுபோன குவாட்ஸ் கடிகாரங்களிற் பெரும்பாலானவை பற்றரி தீர்ந்தமையால் நின்றவை. பற்றரியின் முதுகிலே அதன் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்துகளும் எண்களும் வெறும் அடையாளங்கள் அல்ல. எடுத்துக்காட்டாக, எஸ்ஆர் 626 எஸ்டபிள்யூ என்பதில் முதலிரண்டு எழுத்துகள் வெள்ளி ஒட்சைட்டினாலான வட்டப் பற்றரி என்பதைக் குறிக்கும்; 626 என்னும் எண் ஏறத்தாழ 6.8 மில்லிமீற்றர் விட்டமும் 2.6 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது என்பதைக் குறிக்கும். இதே அளவிலே விலைமலிந்த காரப் பற்றரியும் கிடைக்கும். கடிகாரத்துக்கு அது தக்கதன்று. வெள்ளி ஒட்சைட்டுப் பற்றரி தன் 1.55 வோற்று அழுத்தத்தை இறுதிவரை ஏறக்குறைய மாறாமற் காக்கும். மற்றையது நாளடைவிலே தளர்ந்துபோவதோடு கசியும் இயல்பும் மிக்கது.

தீர்ந்த பற்றரியை உள்ளேயே விட்டுவைப்பதுதான் லாச்சியிற் கிடக்கும் கடிகாரங்களுக்கு நேரும் பெருங்கேடு. அதனுள்ளிருக்கும் காரநீர் மெல்லக் கசிந்து, வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப்போற் படிந்து, செப்புக் கம்பியையும் தொடுகைத் தகட்டையும் அரித்துவிடும். காரமாதலின் மெல்லிய அமிலத்தால் அதனைத் தணிக்கலாம். பஞ்சு சுற்றிய குச்சியின் நுனியை வினாகிரியில் நனைத்துப் பிழிந்து, படிவின்மேல் மாத்திரம் ஒற்றி எடுக்கவேண்டும். பின்னர் தூய மதுசாரத்தால் துடைத்து உலரவிட வேண்டும். நீர்மம் எதுவும் சுருளின் பக்கமோ நுண்சுற்றின் பக்கமோ ஓடக்கூடாது. நான் திறந்த கடிகாரத்திலும் இவ்வெண்படிவே இருந்தது. துடைத்தபின் புதிய பற்றரியைப் பொருத்தினேன். செக்கன் முள் அசையவில்லை.

இவ்விடத்திலே புதியவர் பலர் மனந்தளர்ந்து மூடியை மூடிவிடுவர். உண்மையில் ஆராய்ச்சி இங்கேதான் தொடங்குகின்றது. மின் வருகின்றதா, சுருள் உயிரோடிருக்கின்றதா, சில்லுகள் சுழல்கின்றனவா என்னும் மூன்று வினாக்களை இவ்வொழுங்கிலேயே கேட்டுச் செல்லவேண்டும். முதல் வினாவுக்குப் பற்றரியின் அழுத்தத்தையும் தொடுகைத் தகடு அதனை நன்கு தொடுகின்றதா என்பதையும் பார்த்தாற் போதும். இரண்டாவதற்குச் சந்தையிலே மலிவாகக் கிடைக்கும் மின்மானி ஒன்று உதவும். பற்றரியைக் கழற்றிவிட்டுச் சுருளின் இரு முனைகளிலும் மானியின் முனைகளை வைத்தால், நல்ல சுருள் பெரும்பாலும் ஆயிரம் முதல் மூவாயிரம் ஓம் வரை தடை காட்டும். மானி ஒன்றுமே காட்டாவிட்டாற் கம்பி எங்கோ அறுந்திருக்கின்றது என்பது பொருள். மூன்றாவது, சில்லுகளிடையே தூசோ காய்ந்த எண்ணெயோ பிடித்திருப்பது. இதனைத் தீர்க்கச் சில்லுகளைக் கழற்றிக் கழுவவேண்டுமாதலின், முதன்முறை கைவைப்பவர் அதனைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே முறை.

சுருளைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறாமல் அப்பாற் செல்லலாகாது. அதன் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மூடாமலே கிடக்கும். பற்றரியைக் கிளப்பும் திருப்புளி வழுக்கி அதிலே ஒரு கீறல் விழுந்தாற் போதும். நல்ல கடிகாரமும் அக்கணமே மடியும். ஆகவே பற்றரியை எப்போதும் சுருளுக்கு எதிர்ப்புறமிருந்தே கிளப்புதல் வேண்டும். தந்தையாரின் கடிகாரத்திற் கசிவு பற்றரியின் ஓரத்திலிருந்து சுருளின் முனைவரை சென்று கம்பியை அரித்திருந்தது. மானியின் முள் அசையவேயில்லை.

மாற்றுவதா, திருத்துவதா?

நோயை அறிந்தபின் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, நகரத்துப் பேருந்து நிலையத்தருகே கண்ணாடிப் பெட்டியொன்றின் பின்னே அமர்ந்து தொழில்புரியும் முதிய திருத்துநர் ஒருவரிடம் சென்றேன். அவர் கண்ணிலே உருப்பெருக்கியைச் சொருகி ஒருமுறை பார்த்தார். “தம்பி, உதுக்குள்ளை இருக்கிற மெசினை எடுத்துப்போட்டுப் புதுசு ஒண்டு போட்டால் பத்து நிமிச வேலை. சுருள் தேடி மினக்கெடாதேங்கோ” என்றார். அவர் கூறியது தொழிலறிவு நிறைந்த சொல். பொருத்தமான புதிய இயந்திரம் கிடைத்தால் அது பழையதைத் திருத்தும் கூலியினும் மலிவு, ஓட்டமும் உறுதி.

ஆனால் இயந்திரம் முழுவதையும் மாற்றியபின் எஞ்சுவது எது? உறையும், முகப்பும், முட்களும், மூடியிற் கீறிய எண்களும் எஞ்சும். தந்தையின் கையிலே துடித்த கல் எஞ்சாது. இதனைத் தந்தையின் கடிகாரம் என்று கூறலாமா? இவ்வினா புதியதன்று. மிலிந்த மன்னனுக்கும் நாகசேன தேரருக்கும் நிகழ்ந்த உரையாடலைக் கூறும் மிலிந்தபஞ்ஹா என்னும் பாளி நூலிலே, தேர் என்பது சில்லா, அச்சா, நுகமா என ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒன்றும் தேரன்று, எல்லாம் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்று நிறுவப்படுகின்றது. அந்நியாயப்படி நோக்கினால், 1987 ஆம் ஆண்டில் முதற் பற்றரியை மாற்றியபோதே தந்தையாரின் கடிகாரம் மாறத் தொடங்கிவிட்டது. பட்டி பலமுறை மாறியது. கண்ணாடி ஒருமுறை மாறியது. அவர் அதனைத் தம் கடிகாரம் என்றே கூறிவந்தார்.

எனவே ஒரு பாகமும் மாறலாகாது என்னும் பிடிவாதம் பொருளற்றது. முழுவதும் மாறினும் கவலையில்லை என்பதும் பொருந்தாது. இவ்விரண்டுக்கும் நடுவே புதியவர் கைக்கொள்ளத்தக்க நெறி ஒன்றுண்டு. நோயுற்ற உறுப்பு எதுவோ அதனை மாத்திரம் மாற்றுவது, மற்றையவற்றைத் தொடாதிருப்பது, கழற்றியதை எறியாமற் பொதிந்து வைப்பது. தேர்ந்த தொழிலாளி தன் திறமையினாற் பலவற்றைச் செய்யலாம். புதியவரின் திறமை, எத்துணைக் குறைவாகச் செய்தால் போதும் என்பதைக் கண்டறிவதிலேயே உள்ளது. பழைய ஏட்டைப் பதிப்பிப்போர், சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்று காட்டித் தம் சொல்லை இடையே புகுத்தாதிருக்கும் ஒழுக்கத்தை இலக்கிய அன்பர்கள் அறிவார்கள். இஃதும் அத்தகைய ஓர் ஒழுக்கமே.

என் எண்ணத்தைக் கேட்ட திருத்துநர் சிரித்தார். பின்னர் மேசையின் கீழிருந்து பிஸ்கற் தகரம் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். உரியவர் மீட்க வராத கடிகாரங்களும், உறை உடைந்தவையும், தனி இயந்திரங்களுமாக நூற்றுக்கு மேல் அதற்குள் இருந்தன. இயந்திரத்தின் தட்டிலே பொறித்த இலக்கம் ஒன்றாயிருந்தால் பாகம் ஒன்றுக்கொன்று பொருந்தும். அரைமணித்தியாலம் இருவரும் தேடினோம். அதே இலக்கமுள்ள ஓர் இயந்திரம் அகப்பட்டது. முகப்பில்லை, முட்கள் இல்லை. அதன் சுருளிலே மானியை வைக்க முள் எழுந்து நின்றது. சுருள் தனிக்கட்டையாக இரு திருகாணிகளாலே பொருத்தப்பட்டிருந்தமையால் அதனைக் கழற்றிப் பூட்டும் வேலையை எனக்கே விட்டுவிட்டு, அவர் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பற்றரியை வைத்தவுடன் செக்கன் முள் ஒருமுறை நடுங்கிப் பின் தாண்டத் தொடங்கிற்று. யாரோ ஒருவருடைய கைவிடப்பட்ட கடிகாரத்தின் சுருள் என் தந்தையாரின் கடிகாரத்தை இயக்குகின்றது. அவர் கூலியாகச் சிறு தொகையே பெற்றார். சுருளுக்கு விலை கேட்கவில்லை.

எந்த நேரம்?

மூடியை மூடுமுன் விளிம்பிலிருக்கும் இறப்பர் வளையத்தைப் பார்த்தல் வேண்டும். அது வெடித்தோ தட்டையாகியோ இருந்தால் வியர்வையும் ஈரமும் உட்புகும். நம் நாட்டுக் காலநிலையிலே கடிகாரத்தைக் கொல்வது பெரும்பாலும் ஈரமே. புதிய வளையமிட்டு, சிலிக்கன் நெய் சிறிது தடவி மூடலாம். எனினும் வீட்டிலே மூடிய கடிகாரம் நீர்புகாதது என்று நம்பிக் கிணற்றடிக்குக் கொண்டுசெல்லலாகாது.

இறுதியாக முட்களைச் சரியான நேரத்துக்கு வைக்கவேண்டும். இச்சிறு வேலைக்கும் இந்நாட்டிலே ஒரு வரலாறுண்டு. மின்சாரத் தட்டுப்பாட்டின் காரணமாக 1996 மே மாதத்திலே இலங்கையின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரிலே அரைமணித்தியாலம் பின்னிழுக்கப்பட்டது. 2006 ஏப்ரலிலே மீண்டும் பழைய நிலைக்குக் கொணரப்பட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் இம்மாற்றங்கள் ஏற்கப்படவில்லை. பழைய நேரம், புதிய நேரம் என்று இரண்டு நேரங்கள் ஒரு நாட்டிலே வழங்கின. ஒரு சோதனைச் சாவடியைக் கடக்கும்போது முள்ளைத் திருப்பவேண்டியிருந்தது. படிகக்கல் இவை ஒன்றையும் அறியாது. அது செக்கனை எண்ணும். இப்பொழுது எத்தனை மணி என்பதை மனிதரே உடன்பட்டோ முரண்பட்டோ வைத்துக்கொள்கின்றனர்.

திருத்துவதனால் ஆகும் பயன் யாதென வினவுவோருக்கு விலைக்கணக்கால் விடை கூறல் இயலாது. அதே பணத்துக்குப் புதிய கடிகாரம் ஒன்று வாங்கலாம். நேரம் அறிவதற்குக் கைத்தொலைபேசியே போதும். எனினும் தந்தையொருவர் நெடுங்காலம் ஒரு பொருளைப் பேணியதும், பெயரறியாத் திருத்துநர் பலர் அதற்குத் துணைநின்றதும், மூடியைத் திறக்கும் மைந்தருக்கன்றி வேறெவருக்கும் தெரியப்போவதில்லை. ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரிடம் ஓடாத குவாட்ஸ் கடிகாரம் ஒன்றைக் கொடுத்து, பிரித்துப் பார்க்கவும் மானியால் அளக்கவும் பழக்கலாம். பௌதிகம் அவ்வளவும் அதற்குள் இருக்கின்றது. பொறுமை என்னும் பாடமும் கூடவே கிடைக்கும்.

முதுசம் நம் முயற்சியின்றியே நம்மிடம் வந்து சேர்வது. ஆதலால் அது முழுவதும் நமதாகிவிடுவதில்லை. அதன் பழுதை நாடி, அதற்கென ஒரு மாலைப்பொழுதையேனும் செலவிட்டு, மீண்டும் ஓடவைக்கும்போதுதான் அது நம் தேடியதேட்டமும் ஆகின்றது. திருத்தி முடித்தவர் மூடியை அழுத்துமுன் ஊசியொன்றை எடுத்து, இருக்கும் எண்களின்கீழே தம்முடைய மாதத்தையும் ஆண்டையும் சிறிதாகக் கீறிவைத்தல் வேண்டும். அதன்கீழே இன்னும் சில வரிகளுக்கு இடமிருக்கும்.